பெயர்க்களவும் கடன்மதிப்புக் காவலும்

(குன்றத்தூரில் நடைபெற்ற நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

  

சேக்கிழார் பெருமான் அவதரித்த இவ்வூரில் நின்று பேசுங்கால் பெரியபுராணம் நினைவிற்கு வாராதிராது. முதியவராய் வந்த இறைவன் காட்டிய அடிமையோலையைச் சுந்தரர் கிழித்தெறிந்தார். கிழிந்தது படியே, மூலவோலை திருவெண்ணெய்நல்லூர் அவையில் வெளிப்பட்டது. அவையத்தார் அதனையும் உடனே ஏற்றாரில்லை. பாட்டனாரது கையெழுத்தை அவர் எழுதிய வேறோர் ஓலையோடு ஒப்புநோக்கிய பின்னரே தீர்ப்புரைத்தனர். எழுதியவன் இவனே என்று தெளிதல் ஆவணமுறையின் முதற்படியென்பதை நம் முன்னோர் நன்கறிவர்.

இக்காலத்திலோ கடன் கொடுப்போருட் பலர் ஆளையும் காணார், கையெழுத்தையும் காணார். எண்ணைக் கண்டே பொருள் ஈவர். 2023-ஆம் ஆண்டு தில்லிக் காவற்றுறையார் ஒரு கூட்டத்தாரைப் பிடித்தனர். இணையத்தில் கிடைத்த ஜி.எஸ்.டி. எண்களினின்று புகழ்பெற்ற நடிகர், ஆட்டக்காரர்களுடைய பான் எண்களை யறிந்து, அவர் பெயரால் கடன் அட்டைகள் பெற்றனர் என்பது குற்றச்சாட்டு. ஜி.எஸ்.டி. எண் 15 குறிகளை உடையது. முதலிரண்டும் மாநிலக் குறி. அடுத்த பத்தும் பான் எண்ணே. தனியொருவராய்க் கடை நடத்தும் நம்மவர் ஒவ்வொரு ரசீதிலும் தம் பான் எண்ணை ஊரார்க்கு வழங்குகின்றனர். ஆதலின் மறைத்தல் மட்டும் போதாது, கண்காணித்தலும் வேண்டும்.

கண்காணிக்கும் வழி எளிது. சிபில், எக்ஸ்பீரியன், ஈகுவிஃபாக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹைமார்க் என்னும் நான்கு நிறுவனங்கள் நம் கடன் வரலாற்றைத் தொகுத்து, 300 முதல் 900 வரை மதிப்பெண் இடுகின்றன. ஆண்டிற்கொருமுறை முழு அறிக்கையை ஒவ்வொன்றும் இலவசமாகத் தருதல் வேண்டும். மூன்று திங்களுக்கு ஒன்றாகப் பெறின் ஆண்டு முழுதும் காவலாம்.

அறியாத கடனொன்று அதில் தோன்றின் யாது செய்வது? 1930 என்னும் எண்ணிற்கு அறிவித்துக் காவல் நிலையத்தில் முறையிடுக. அம்முறையீட்டின் படியுடன் கடன் கொடுத்தாருக்கும் மேற்கண்ட நிறுவனங்களுக்கும் எழுதுக. 30 நாளுள் தீர்வு காணாவிடின், அதன்பின் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தருதல் வேண்டுமென்பது ரிசர்வ் வங்கி 2023-இல் பிறப்பித்த ஆணை. பிறர் அடையாளத்தைக் களவாடுவார்க்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவு மூன்றாண்டு வரை சிறை விதிக்கின்றது.

நம்மவருட் சிலர், ஊரறியின் மானம் போமென்று அஞ்சி, வாங்காத கடனைத் தாமே செலுத்திவிடுகின்றனர். இது மானங்காத்தல் அன்று. செலுத்தியவன் கடனை ஒப்புக்கொண்டவன் ஆகின்றான். தவணை தவறிய மறுவும் அறிக்கையில் நின்றுவிடும். பின்னர் மகளின் படிப்பிற்குக் கடன் கேட்குங்கால் அம்மறுவே வழிமறிக்கும். களவு கொடுத்தவனுக்கு நாணம் எற்றுக்கு?

ஈற்றில் நம் சங்கத்தார்க்கும் ஒரு வேண்டுகோள். உதவித்தொகை கேட்கும் மாணவரிடம் முழு ஆதார்ப் படியை வாங்கி அடுக்கி வைத்தல் ஒழிக. கடைசி நான்கு இலக்கம் மட்டும் தோன்றும் படியே போதும். அதன் குறுக்கே காரணமும் நாளும் எழுதச் செய்க. அன்று ஓர் அவை ஓலையைப் போற்றிக் காத்தது போல, இன்று நம் அவையும் நம் மக்களின் பெயரைக் காப்பதாக.