தாயத்துக்கு முன் ஒரு சர்க்கரைப் பரிசோதனை

(மருத்துவ உதவிக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் பேசியது)



சில ஆண்டுகளுக்கு முன் வளவனூரைச் சேர்ந்த ஒரு தாயார் நம் அலுவலகத்துக்கு வந்தார். "பாய், மவனுக்கு ஜின் புடிச்சிருக்கு. ஏர்வாடி கூட்டிட்டுப் போவணும்" என்று அழுதார். வண்டிச் செலவைக் கொடுத்தனுப்பினோம். எந்த டாக்டரிடம் காட்டினீர்கள் என்று கேட்கவில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று அதே ஏர்வாடியில், ஒரு தனியார் காப்பகத்தில் சங்கிலியால் கட்டிவைக்கப்பட்டவர்கள் தீயில் சிக்கி, 28 பேர் உயிரிழந்ததை அறிந்தவர்கள்தான் நாங்கள். அப்படியிருந்தும் கேட்கவில்லை.

எந்த நேரத்தில் இப்படி ஆகிறது என்றாவது கேட்டிருக்கலாம். கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் கட்டி ஒன்று உண்டு. இன்சுலினோமா என்பார்கள். பெரும்பாலும் இரண்டு சென்டிமீட்டருக்குள்தான் இருக்கும். நாம் சாப்பிட்டோமா இல்லையா என்று பாராமல் அது இன்சுலினைக் கொட்டும். வெறும் வயிற்றில் இரத்தச் சர்க்கரை விழும். மூளைக்குச் சர்க்கரை போதாமல் ஆள் உளறுவார், அடிக்க வருவார், சிலருக்கு வலிப்பும் வரும். நோன்பு நாளில் அஸருக்குப் பிறகு இப்படியிருந்து, பேரீச்சம்பழமும் கஞ்சியும் உள்ளே போனதும் தெளிந்தால், "பாங்கு சொன்னதும் ஜின் ஓடிடுச்சு" என்போம். சர்க்கரை ஏறியிருக்கும் என்று யாருக்குத் தோன்றுகிறது?

இது மிக அபூர்வம்தான். பத்து லட்சம் பேரில் ஆண்டுக்குச் சிலருக்கே வரும். ஆனால் பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. அறுவை செய்து எடுத்தால் குணமாகும். குழப்பம் வந்த அந்த நேரத்திலேயே விரல்நுனி இரத்தத்தைக் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 55-க்குக் கீழே இருந்தால் அதை டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். நீரிழிவு மாத்திரை அதிகமானாலும் இதே நிலை வரும். அதுதான் நம் வீடுகளில் சகஜம். நோன்பு முறியுமே என்று தயங்காமல், விழுங்கும் நிலையில் இருந்தால் உடனே இனிப்பு கொடுங்கள்.

அட்ரீனல் சுரப்பிக் கட்டியில் திடீர் திடீரெனப் படபடப்பு, வியர்வை, தலைவலி, சாவு பயம் வரும், பிரஷர் எகிறும். கார்ட்டிசால் மிகுந்தால் முகம் உருண்டு, மனம் சோரும்.

மனநோயாளிகள் எல்லாருக்கும் கட்டி இருக்கும் என்று சொல்ல வரவில்லை. மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தாமாக நிறுத்திவிடாதீர்கள். முதலில் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். தேவையென்றால் புதுச்சேரி ஜிப்மரில் உட்சுரப்பியல் துறை இருக்கிறது. சாப்பிட்டு எத்தனை மணி நேரத்தில் குழப்பம் வந்தது என்று எழுதிக்கொண்டு போங்கள்.

அந்தக் குடும்பம் ஊரை விட்டுப் போய்விட்டது. பிள்ளைக்கு என்ன நோய் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. துணைக்கு ஆளோ பஸ் செலவோ வேண்டுவோர் ஜும்ஆவுக்குப் பின் அலுவலகத்தில் சொல்லுங்கள். இனி நாங்களும் கேட்டுத்தான் கொடுப்போம்.