பத்தில் ஒரு பங்கு யாருக்கு?
அண்ணல் அம்பேத்கர் நினைவுச் சொற்பொழிவு



அனைத்திந்திய பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் சார்பில் அண்ணல் அம்பேத்கர் 1947இல் முன்வைத்த 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற மனுவில் முக்கியமான ஒரு கோரிக்கை உண்டு. ஊரை அண்டிப் பிழைக்கத் தேவையில்லாத தனிக் குடியிருப்புகள் வேண்டும், அதற்கு அரசு நிலம் தர வேண்டும், அதை நடத்த ஒரு குடியேற்ற ஆணையம் வேண்டும் என்பது அது. குடியிருக்கும் இடத்தை அவர் தர்மமாகக் கேட்கவில்லை, உரிமையாகக் கேட்டார்.

இன்று கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் போனாலும் கழுகுமலை போனாலும் கரிசல் காட்டில் கல் நட்டுக் கொடி கட்டிய மனைப்பிரிவுகளைப் பார்க்கிறோம். பருத்தியும் கம்பும் விளைந்த நிலம் சென்ட் கணக்கில் விலைபோகிறது. அங்கே களையெடுத்த கைகளுக்கு அதில் ஒரு மனை உண்டா?

உண்டு என்கிறது விதி. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019இன்படி, 10,000 சதுர மீட்டருக்கு, அதாவது ஏறத்தாழ இரண்டரை ஏக்கருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைப் பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கான மனைகளாகப் பிரிக்க வேண்டும். அந்த மனைகளை அந்த நோக்கத்துக்காக மட்டுமே விற்க வேண்டும். இரண்டு மனைகளை ஒன்றாக்கக் கூடாது, வேறு பயனுக்கு மாற்றவும் கூடாது.

அதே மனைப்பிரிவில் பூங்காவுக்கென்று இன்னொரு 10 சதவீதம் ஒதுக்கப்படுகிறது. அது தானப்பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைக்கப்படுகிறது. ஏழைகளுக்கான மனையோ விற்பவர் கையிலேயே இருக்கிறது. பூங்காவுக்கு உரிமையாளர் உண்டு, ஏழையின் பங்குக்குக் காவலாளி இல்லை. வாங்குபவரின் வருமானத்தைப் பத்திரப்பதிவு மேசையில் யார் சரிபார்க்கிறார்கள்? 'நலிந்த பிரிவினர்' என்ற சொல்லில் சாதி இல்லை. ஆனால் மனை விற்பனை பெரும்பாலும் தெரிந்தவர் வழியாகத்தான் நடக்கிறது. அந்தத் தெரிந்தவர் வட்டத்துக்குச் சாதி உண்டு.

காகிதத்தில் எழுதிய நிபந்தனை காவலின்றி என்னவாகும் என்பதைப் பஞ்சமி நிலம் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறது. செங்கல்பட்டு ஆட்சியர் டிரமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் வந்த ஏற்பாட்டிலும், நம் மக்கள் அல்லாதார்க்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனை இருந்தது. நிபந்தனை இருந்தது, நிலம் போனது. அதை மீட்கக் கேட்ட போராட்டத்தில், 1994 அக்டோபரில், செங்கல்பட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானார்கள்.

மனை ஏன் முதன்மையானது? 2024இல் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் திட்டம் கிராமத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் தருகிறது. ஆனால் சொந்த இடம் இருக்க வேண்டும். ஒரே வீட்டில் மூன்று குடும்பம் அடைந்து கிடக்கும் காலனியில் அந்த இடம் எங்கே இருக்கிறது? இடம் கிடைத்தாலும் கரிசல் மண் மழையில் உப்பும், கோடையில் பாளம் பாளமாய் வெடிக்கும். கடைக்கால் ஆழம் போகாவிட்டால் சுவர் பிளக்கும். ஆகவே நமக்கு மனையும் வேண்டும், இந்த மண்ணுக்கேற்ற அடித்தளச் செலவும் வேண்டும்.

நம் கோரிக்கைகள் மூன்று. ஏழைகளுக்கான மனைகளையும் உள்ளாட்சியிடம் ஒப்படைத்து, வெளிப்படையான குலுக்கலில் ஒதுக்க வேண்டும். அதில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் தனிப் பங்கு வேண்டும். நிலத்தைத் துண்டு போட்டு இரண்டரை ஏக்கருக்குக் கீழே காட்டித் தப்பும் வழியை அடைக்க வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. உங்கள் ஊர்ச் சாலையில் ஒரு மனைப்பிரிவைத் தேர்ந்தெடுங்கள். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் அதன் அனுமதி வரைபடத்தைக் கேளுங்கள். நலிந்த பிரிவினருக்கென்று குறித்த மனை எண்களை எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அந்த எண்களுக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். யார் பெயரில் இருக்கிறது, எத்தனை மனை ஒரே கையில் சேர்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். பஞ்சமி நிலத்தை நாம் தேடத் தொடங்கியபோது நூறாண்டு கடந்திருந்தது. இந்த மனைகளில் இன்னும் வீடு எழும்பவில்லை. இப்போதே போய்க் கேட்போம்.

ஜெய் பீம்.