அறிவைத் திரையிடும் புகை

(ராயபுரத்தில் இளைஞர்கள், வணிகர்களிடையே ஆற்றிய உரையின் சுருக்கம்)

 

"சாராயம்தானே ஹராம்? கஞ்சா வெறும் இலைதானே பாய்?" காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் நம் பிள்ளைகள் இப்படிக் கேட்கிறார்கள். திருக்குர்ஆன் (5:90) தடுத்திருப்பது 'கம்ர்'. அறிவை மூடுவதெல்லாம் கம்ர்தான் என்று உமர் (ரலி) அவர்கள் விளக்கிவிட்டார்கள். கஞ்சாச் செடியின் போதை ஹராம் என்று சுமார் 700 ஆண்டுகளுக்கு முன்பே இமாம் இப்னு தைமிய்யா தீர்ப்பளித்தார்கள்.

அறிவு எப்படி மூடப்படுகிறது? கஞ்சாவிலுள்ள டி.எச்.சி. என்னும் பொருள் புகையோடு நுரையீரலில் நுழைந்து, சில நிமிடங்களில் மூளையை எட்டுகிறது. நினைவாற்றல் மந்தமாகிறது, நெஞ்சு படபடக்கிறது, நேரமும் தூரமும் தப்பாகத் தெரிகின்றன. எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரி ஓட்டுபவருக்கு அந்தத் தப்புக்கணக்கு ஓர் உயிரின் விலை!

மூளை முழு வளர்ச்சி பெற ஏறத்தாழ 25 வயதாகும். சிறு வயதிலேயே தொடங்கி அடிக்கடி புகைப்பவர்களுக்கு மனச்சிதைவு நோய் வரும் ஆபத்து கூடுகிறது. இல்லாத குரல் காதில் கேட்கும். பெற்ற தாய் மீதே சந்தேகம் வரும். எல்லோருக்கும் வராது. யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியாது.

இங்கேதான் நாம் தவறுகிறோம். ஜின் பிடித்ததென்று தாயத்துக் கட்டுகிறோம். நிக்காஹ் முடித்தால் திருந்துவான் என்று ஓர் அப்பாவிப் பெண்ணின் வாழ்வைப் பணயம் வைக்கிறோம். மானம் போகுமென்று மறைக்கிறோம். மறைக்க மறைக்க நோய் வேரூன்றுகிறது.

பெற்றோரே! ஸ்டான்லி அரசு மருத்துவமனை நம் வாசலிலேயே இருக்கிறது. அங்குள்ள மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். 14446 என்ற இலவச எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும். போலீசுக்குப் பயமா? 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில் 64ஏ என்றொரு பிரிவு உண்டு. சிறு அளவு வைத்திருந்து சிக்கிய போதை அடிமை, தானே முன்வந்து சிகிச்சையை முழுமையாக முடித்தால், அது வழக்கிலிருந்து பாதுகாப்புத் தருகிறது. கடத்துபவனுக்கோ, 20 கிலோவுக்கு மேல் என்றால் குறைந்தது 10 ஆண்டு சிறை!

வணிகர்களே! கஞ்சா சுருட்டும் தாளைச் சிறுவனுக்கு விற்ற காசில் பரக்கத் இருக்குமா? கடைப் பையன் தடம் புரண்டால் விரட்டாதீர்கள், உட்காரவைத்துப் பேசுங்கள். சிகிச்சை முடித்து வந்தவனுக்கு வேலை கொடுங்கள்.

இளைஞனே! விட்ட புதிதில் தூக்கம் வராது, எரிச்சல் வரும், பசிக்காது. பெரும்பாலும் இரண்டு, மூன்று வாரங்களில் அது தணிந்துவிடும். பொறுத்துக்கொள். தௌபாவின் வாசல் திறந்தே இருக்கிறது. நம் மஹல்லா ஜமாஅத்தின் கதவும் உனக்காகத் திறந்திருக்கட்டும்!