பணியாளர் ஒப்பந்தமும் பதிவேட்டின் சாட்சியும்

(செங்கற்பட்டில் நடைபெற்ற பஞ்சாயத்து அங்கத்தினர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஒருவர் ஆற்றிய உரை)



சென்ற போகத்தில் நடவுக்கு இருபது ஆட்களைக் கொண்டுவருவதாகச் சொன்ன மேஸ்திரி பன்னிரண்டு பேரையே கொண்டுவந்தார். நாற்று முற்றிப்போயிற்று என்று வைத்துக்கொள்வோம். இந்தப் போகத்திற்கு அவரை நாம் அழைக்க மாட்டோம். ஏன் அழைக்கவில்லை என்று நம்மைக் கேட்பாரும் இல்லை. நிலமும் நம்முடையது, கூலியும் நம்முடையது. ஆனால் அரசாங்க மருத்துவமனைக்கு ஆள் அமர்த்தும்போது செலவாவது பொதுமக்களின் பணம். அங்கே "அவர் சரியில்லை" என்ற வாய்ச்சொல் செல்லாது. எந்த நாளில், எந்த வேலையில் சரியில்லை என்பதை எழுத்தில் காட்டவேண்டும். இதைக் குறித்தே இன்று உங்களிடம் பேச விரும்புகிறோம்.

கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரையிலுள்ள கடலோர மக்கள் பிரசவம் சிக்கலானாலும், பாம்பு கடித்தாலும், 1965ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற செங்கற்பட்டு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையை நாடுகின்றனர். அதற்கு முன்னால் அவர்கள் படியேறுவது அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில். மருத்துவரும் செவிலியரும் இருந்தால் மட்டும் இத்தகைய நிலையங்கள் நடந்துவிடா. கூடத்தைக் கழுவுபவரும், இரவில் கதவைக் காப்பவரும், நோயாளியைத் தள்ளுவண்டியில் அழைத்துச் செல்பவரும் வேண்டும். அரசு மருத்துவமனைகள் பலவற்றில் இவ்வேலையாட்களை ஒப்பந்த நிறுவனங்களே அனுப்புகின்றன.

நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பதற்குத் தமிழ்நாட்டில் 1998ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டமும் 2000ஆம் ஆண்டின் விதிகளும் உள்ளன. இரண்டு உறை முறையில், முதல் உறையில் தகுதியும் அனுபவமும், இரண்டாவதில் விலையும் இருக்கும். முதல் உறையில் தேறாதவரின் விலை உறையைப் பிரிப்பதே இல்லை. ஆகவே முன்பு செய்த வேலையைப் பற்றிய ஒரு குறிப்பு, ஒரு நிறுவனத்தின் வாசலையே அடைத்துவிடக்கூடும். தள்ளப்பட்டவருக்குக் காரணம் தெரிவிக்கவேண்டும். அவர் ஆணை கிடைத்த 10 நாட்களுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். காரணத்திற்குச் சான்று இல்லாவிடில் அங்கே நம் பக்கம் நிற்பதற்கு ஒன்றுமில்லை.

நம் வட்டாரத்துச் சுகாதார நிலையம் ஒன்றில் நேர்ந்ததைக் கூறுகிறோம். ஊரின் பெயரும் நிறுவனத்தின் பெயரும் வேண்டாம். துப்புரவுக்கும் இரவுக் காவலுக்கும் ஐவரை அனுப்ப அந்நிறுவனம் ஒப்புக்கொண்டிருந்தது. ஐப்பசி மழையில் பல நாட்கள் மூவரே வந்தனர். ஒரு நள்ளிரவில் பிரசவ வலியோடு வந்த பெண்ணுக்குக் கதவு திறக்கக் காவலர் இல்லை. உள்ளேயிருந்து செவிலியர் ஓடிவந்து திறக்கும்வரை அவளும் அவள் தாயாரும் மழையில் நின்றனர். ஊர் முழுவதும் இதைப் பேசிற்று, ஒருவரும் எழுதிவைக்கவில்லை.

அடுத்த ஒப்பந்தத்தின்போது, முற்பணிக்குக் குறைந்த மதிப்பெண் இட்டு அந்நிறுவனத்தைத் தள்ளினர். நிறுவனம் மேல்முறையீடு செய்தது. "பணி திருப்திகரம்" என்று எழுதிய மூன்று சான்றிதழ்களை எடுத்து நீட்டிற்று. அவற்றுள் ஒன்றில் இருந்தது நம்முடைய கையொப்பம்! கேட்டவரை மறுக்க மனமின்றி, பதிவேட்டைப் புரட்டிப் பாராமல் இட்ட கையொப்பம் அது. வருகைப் பதிவேட்டிலோ ஐந்து பெயர்களுக்கும் எல்லா நாட்களும் வருகை குறிக்கப்பட்டிருந்தது.

நிறுவனம் மற்றொன்றும் சொல்லிற்று. நான்கு மாதத்துப் பில் தொகை காலத்தில் கிடைக்கவில்லை. கூலி காணாத பெண்கள் வேறு வேலைக்குப் போய்விட்டனர் என்றது. விசாரித்ததில் பாதி உண்மை என்று தெரிந்தது. இரண்டு மாதத்துப் பில் அலுவலக மேஜையிலேயே தங்கியிருந்தது. வழக்கு முடியும்வரை புதிய ஒப்பந்தம் நின்றது. குறையுள்ளது என்று தள்ளிய அந்த நிறுவனமே மாதாமாதம் நீட்டிப்புப் பெற்று வேலையைத் தொடர்ந்தது. இதில் நட்டப்பட்டவர்கள் நோயாளிகளும் கூலிக்காரப் பெண்களுமே.

முற்பணியைக் கொண்டு ஆளை அளப்பது நமக்குப் புதிதன்று. பழைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த உத்திரமேரூரில், வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுக்கள் உள்ளன. குடவோலையில் பெயர் இடுவதற்கு யார் தகுதியற்றவர் என்று அவை வகுத்துக் கூறுகின்றன. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் அவர்களுள் ஒருவர். "கெட்டவர்" என்ற ஊர்ப்பேச்சைக் கொண்டு அவரை ஒதுக்கவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். கணக்குக் காட்டினாரா இல்லையா என்பது எவரும் சரிபார்க்கக்கூடிய செய்தி.

நம் நாட்டு நீதிமன்றங்களும் இந்நெறியையே வற்புறுத்துகின்றன. ஒருவரைக் கறுப்புப் பட்டியலில் சேர்க்குமுன் அவர் சொல்வதைக் கேட்கவேண்டும் என்று 1974இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தில்லி அரசின் ஒப்பந்தம் பெற்ற காவற்பணி நிறுவனம் ஒன்றின் வழக்கில், கறுப்புப் பட்டியலில் சேர்க்கும் எண்ணம் இருந்தால் அதை நோட்டீசிலேயே தெரிவிக்கவேண்டும் என்று 2014இல் கூறிற்று. அமெரிக்க நாட்டிலும் அதே ஆண்டில், ஒப்பந்தக்காரரைப் பற்றிய மதிப்பீட்டிற்கு அவர் பதில் எழுத 14 நாள் அவகாசம் என்று விதி செய்தனர்.

நோயாளர் நலச் சங்கத்திலும் கிராம சுகாதாரக் குழுவிலும் நீங்கள் அமர்கிறீர்கள். அங்கே நான்கு காரியங்களைக் கேட்டு வாங்குங்கள்.

முதலாவது, ஒவ்வொரு முறை வேலைக்கும் வந்தவர் மட்டுமே வருகைப் பதிவேட்டில் இருக்கவேண்டும். வாராதவர் பெயருக்கு நேரே அன்றைக்கே அதைக் குறிக்கவேண்டும்.

இரண்டாவது, குறை நேர்ந்தால் நாள், மணி, நிகழ்ச்சி மூன்றையும் எழுதி நிறுவனத்திற்கு அனுப்பி, வந்த பதிலையும் சேர்த்துக் கோக்கவேண்டும்.

மூன்றாவது, பில் வந்த நாளையும் பணம் கொடுத்த நாளையும் எழுதவேண்டும். நம்முடைய தவறு ஒப்பந்தக்காரர் தலையில் ஏறக்கூடாது. அவருடைய தவறும் நம் தாமதத்தின் பின்னே ஒளியக்கூடாது. ஒப்பந்தக்காரர் கூலி கொடுக்கத் தவறினால் வேலை வாங்குபவரே கொடுக்கவேண்டும் என்று 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் விதித்தது. 2020ஆம் ஆண்டின் தொழிற்சட்டத் தொகுப்பிலும் அக்கடமை இடம் பெற்றுள்ளது.

நான்காவது, எண்ணிக்கை இல்லாத சான்றிதழில் எவரும் கையொப்பம் இடலாகாது. எத்தனை ஆள் வரவேண்டும், எத்தனை ஆள் வந்தனர், எத்தனை குறைகள் எழுதப்பட்டன, எத்தனை தீர்க்கப்பட்டன என்று எழுதுவதே சான்றிதழ்.

அந்தச் சுகாதார நிலையத்தில் இப்பொழுது வாசலருகே ஒரு தடித்த நோட்டுப் புத்தகம் இருக்கிறது. அதன் முதற்பக்கத்தில், காலங்கடந்தேயானாலும், மழையில் நின்ற அப்பெண்ணின் இரவை நாமே எழுதிவைத்தோம். அடுத்த பக்கங்களை அன்றன்றே எழுதும் பொறுப்பு உங்களுடையதும் எங்களுடையதும் ஆகும்.