பெட்டி இழைப்போரும் பெட்டி விற்போரும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் இளைஞர் சார்பில் நிகழ்த்தப்பெற்ற உரை)



சிறு கைத்தொழிலும் அதன் விற்பனையும் என்பது எங்களுக்குத் தரப்பட்ட பொருள். சமயம் வளர்க்கும் சங்கத்தின் விழாவிலே சந்தையைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் எண்ணக்கூடும். கோயிலுக்கு அருச்சனைப் பொருள்கள் கொண்டு செல்லும் பெட்டி சந்தையிலிருந்துதான் வந்தது. அந்தப் பெட்டியை இழைத்த கை எவ்வாறு வாழ்கிறது என்று கேட்பதும் தருமத்தின்பாற்பட்டதே என்பது எங்கள் துணிபு.

பன்னவேலை நம் குடாநாட்டின் பழைய கைப்பணி. கடகம், சுளகு, நீத்துப்பெட்டி, மூடுபெட்டி, கொட்டைப்பெட்டி, பாய் என்று நம் வீடுகளிலே பனையோலை புகாத மூலை ஒரு காலத்தில் இருந்ததில்லை. இன்று அந்த இடங்களிலெல்லாம் பிளாஸ்ரிக் வந்து குந்தியிருக்கிறது. போர்க்காலத்திலே பதுங்குகுழிகளுக்காகத் தறிக்கப்பட்ட பனைகள் எத்தனையோ. எனினும் இன்று எங்களுக்குக் கவலை தருவது பனை குறைவது மாத்திரமன்று. இழைக்கும் கை குறைவதுமாகும்.

சென்ற ஆண்டு எங்களுக்கு நேர்ந்த ஒரு தோல்வியைச் சொல்லுகிறோம். வடமராட்சியிலே பெட்டி இழைக்கும் ஓர் அம்மாவிடம் நாற்பது பெட்டிகள் வாங்கிக் கோயில் திருவிழாவிலே ஒரு மேசை போட்டோம். "உள்ளூர்க் கைப்பணியை ஆதரியுங்கள்" என்று பெரிதாக எழுதித் தொங்கவிட்டோம். வந்தவர்கள் பெட்டிகளை எடுத்துப் பார்த்தார்கள், நல்ல வேலை என்று புகழ்ந்தார்கள், விலையைக் கேட்டார்கள், குறைத்துக் கேட்டார்கள், போய்விட்டார்கள். விற்றவை ஏழு. மீதியைத் திருப்பிக் கொண்டுபோனபோது எங்களுக்கு முகம் நிமிரவில்லை. அந்த அம்மா கோபிக்கவில்லை. பெட்டிகளை எண்ணி அடுக்கிக்கொண்டே, "தம்பியவை, இது என்னத்துக்கு எண்டு சொல்லித்தான் வித்தனீங்களோ?" என்று மாத்திரம் கேட்டார்.

பட்டப்படிப்புப் படிக்கும் எங்களுக்கு அந்த ஒரு கேள்வியே பாடமாயிற்று. நாங்கள் இரக்கத்தை விற்கப் பார்த்தோம்; பெட்டியை விற்கவில்லை. இரக்கத்துக்காக ஒருவர் ஒருமுறை வாங்குவார். தேவைக்காக வாங்குபவரே மறுமுறையும் வருவார்.

அடுத்த திருவிழாவில் அதே பெட்டிகளுக்குள் பனங்கட்டி, பனாட்டு, புழுக்கொடியல் ஆகியவற்றை வைத்து, வெளிநாட்டிலிருந்து வந்து திரும்பும் உறவினருக்குக் கொடுத்தனுப்பும் கைப்பொருள் என்று சொன்னோம். பெட்டியை இழைத்தவர் எந்த ஊரவர், இழைக்க எவ்வளவு நேரம் சென்றது, எவ்வாறு பேணுவது என்பவற்றை ஒரு சிறு துண்டில் எழுதி உள்ளே வைத்தோம். இரண்டாம் நாள் மாலைக்குள் மேசை வெறுமையாயிற்று. விலையை ஒரு ரூபாவும் நாங்கள் குறைக்கவில்லை.

இது புதிய வித்தையன்று. பனங்கட்டியைக் குட்டானில் வார்த்து விற்ற நம் முன்னோர் பொருளையும் அதன் உறையையும் ஒன்றாகவே கண்டவர்கள். தமிழ்நாட்டிலே செட்டிநாட்டுக் கொட்டானும் நம் பெட்டியின் உடன்பிறப்பே. கலியாணங்களிலே சீர்ப்பொருளும் பலகாரமும் வைத்துக் கொடுக்க உதவிய அக்கொட்டான் அருகி, மீண்டும் உயிர் பெற்று, இன்று புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது.

இவ்விடத்தில் நாவலர் பெருமானை நினைக்கிறோம். அவர் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியது 1848இல். அச்சியந்திரம் வாங்கச் சென்னைக்குச் சென்றது 1849இல். இந்த ஒழுங்கைக் கவனியுங்கள். படிக்கும் பிள்ளையை முதலில் உண்டாக்கினார். பிள்ளை படிப்பதற்கான புத்தகத்தை அதன்பின் அச்சிட்டார். அச்சின் வலிமையையும் பிரசங்கத்தின் வலிமையையும் அவர் மிஷனரிமாரிடையே கற்கும்போதும் கற்பிக்கும்போதும் கண்டறிந்தார். கண்டதை நம் தேவைக்கு ஆக்கிக்கொள்ள அவர் நாணவில்லை. மிஷன் பாடசாலைகளிலே படித்த எங்களுக்கு அவர் காட்டிய வழி மிகவும் பொருந்துவது. விற்பனைக் கலையை மேல்நாட்டார் சூழ்ச்சி என்று ஒதுக்கவேண்டியதில்லை. பொய் சொல்லாமல் விற்கக் கற்றுக்கொண்டாற் போதும்.

இனி விலையைப் பற்றிச் சில சொற்கள். ஒரு பெட்டிக்கு ஓலையும் சாயமும் இருநூறு ரூபா, ஒரு பகல் உழைப்பு ஆயிரத்து ஐந்நூறு ரூபா என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். மொத்தம் ஆயிரத்து எழுநூறு. அதைத் தொள்ளாயிரத்துக்குக் கேட்டு வாங்கிவிட்டு மலிவாக வாங்கினோம் என்று மகிழ்கிறோம். மீதி எண்ணூறு ரூபாவைக் கொடுத்தவர் யார்? இழைத்த அம்மாவே தம் உழைப்பிலிருந்து நமக்குத் தானம் செய்திருக்கிறார். சார்வோலையை வெட்டுவிப்பது, காயவைப்பது, பதப்படுத்துவது, ஈர்க்கு நீக்கி வார்வது, சாயமிடுவது, இழைப்பது, விளிம்பு கட்டுவது ஆகிய வேலைகளில் எவற்றுக்குக் கூலி வருகிறது, எவற்றுக்கு வரவில்லை என்று அவருக்குக் கணக்கெழுதிக் காட்டுவார் இல்லை. கணக்கெழுதத் தெரிந்த இளைஞர் செய்யத்தக்க முதல் தொண்டு இதுவே.

இரண்டாவது தொண்டு வாக்குத் தவறாமை. கொழும்பிலிருந்து ஒரு கடைக்காரர் நூறு பெட்டி கேட்டால் நூறும் ஓரளவாக, சொன்ன நாளிலே போய்ச்சேர வேண்டும். 1990இல் நின்ற யாழ்ப்பாண ரயில் 2014இல் மீண்டும் வந்துவிட்டது. வழி இல்லை என்று சொல்வதற்கு இனி இடமில்லை. ஓர் அம்மாவால் நூறு இழைக்க முடியாதெனில் பத்துப் பேர் ஒன்றுகூடி, ஒரே அளவுச் சட்டம் வைத்து இழைக்கலாம். 1978இல் அமைக்கப்பட்ட பனை அபிவிருத்திச் சபை போன்ற பொது நிறுவனங்களும் உள. அவற்றை நாடிச் செல்லக் கடிதம் எழுதவேனும் நாம் உதவலாம்.

மூன்றாவது, செய்தி பரப்புதல். கைபேசி இல்லாத இளைஞர் நம்மிடையே இல்லை. அதைக்கொண்டு பகல் வெளிச்சத்தில் தெளிவாக ஒரு படம் எடுத்து, அளவும் விலையும் எழுதி, ரொறன்ரோவிலும் லண்டனிலும் உள்ள நம் உறவினருக்கு அனுப்ப எவ்வளவு நேரம் செல்லும்? பனையோலைப் பெட்டி பாரமற்றது. விமானப் பயணப் பொதிக்கு அதைவிட ஏற்ற பொருள் நம் மண்ணில் வேறு ஏது?

இளைஞர் இவ்வாறு செய்வது யாழ்ப்பாணத்துக்குப் புதிதன்று. 1927ஆம் ஆண்டு நவம்பரிலே காந்தியடிகள் கதர் நிதிக்காக இலங்கைக்கு எழுந்தருளியபோது யாழ்ப்பாணத்துக்கும் வந்தார். அவரை இங்கே வரவேற்று நின்றோருள் நம் இளைஞர் முன்னணியில் இருந்தனர். நூற்கும் கையின் மானத்தை அவர்கள் நாட்டின் மானமாகக் கண்டார்கள். இழைக்கும் கையின் மானத்தை நாம் எவ்வாறு காணப்போகிறோம்?

பெரியோர்களே, ஒரு குறையைப் பணிவுடன் சொல்ல அனுமதியுங்கள். கண்ணாடிக் கடையிலே ஒட்டிய விலையைப் பேசாமல் கொடுக்கிறோம். நிலத்தில் சாக்கு விரித்து இருக்கும் அம்மாவிடமே பேரம் பேசுகிறோம். உத்தியோகமே மேன்மை, கைவேலை தாழ்வு என்று பிள்ளைகளுக்குச் சொல்லாமற் சொல்லிக் கொடுக்கிறோம். அந்த அம்மாவிடம், "உங்கள் மகளுக்கு இதைப் பழக்கினீர்களா?" என்று கேட்டோம். "வேண்டாம் தம்பி, என்னோடை முடியட்டும்" என்றார். அந்தச் சொல் எங்கள் நெஞ்சை விட்டு அகலவில்லை.

ஆகையால் இச்சபையின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறோம். இவ்வாண்டு நாவலர் குருபூசையிலே பிரசாதம் வழங்குவதற்குப் பிளாஸ்ரிக் பைகளை விடுத்துப் பனையோலைப் பெட்டிகளையே பயன்படுத்துவோம். இரண்டு மாதம் முன்னரே சொல்லிவைப்போம். பாதிப் பணத்தை முற்பணமாகக் கொடுப்போம். அவர்கள் கணக்கிட்டுச் சொல்லும் விலையைக் குறைத்துக் கேளாதிருப்போம். பெட்டிக்குள் வைக்கும் துண்டை எழுதும் பொறுப்பை இளைஞராகிய நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம்.

அந்த அம்மாவின் மகள் ஒருநாள் தாயின் பக்கத்தில் அமர்ந்து ஓலையைக் கையில் எடுப்பாளாயின், அதுவே இச்சங்கம் செய்த நற்பணிகளுள் ஒன்றாகும்.