கொண்டை வல்லூறு: பெயர் மாறிய கதை

மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் இலங்கைக் காடுகளிலும் வாழும் வேட்டைப் பறவை கொண்டை வல்லூறு. வெண்தொண்டையின் நடுவே ஒரு கருங்கோடு இறங்கும். அதன் இருபுறமும் தாடையோரம் ஒவ்வொரு கோடு. பிடரியில் சிறு கொண்டை. இனப்பெருக்கக் காலத்தில் மரமுகட்டுக்கு மேலே சிறகு நடுங்கப் பறக்கும்போது, வாலடி வெள்ளிறகுகள் பஞ்சு போல உப்பி இருபுறமும் பிதுங்கும்.

1824இல் டச்சு விலங்கியலாளர் டெம்மிங்க், சுமத்ராவிலிருந்து கிடைத்த பறவையை விவரித்து ‘ஃபால்கோ டிரைவிர்கேடஸ்’ என்று பெயரிட்டார். பின்பாதிக்கு ‘மூன்று கோடுடையது’ என்று பொருள். அக்காலத்தில் பகல் வேட்டைப் பறவைகள் பலவும் ‘ஃபால்கோ’ என்ற ஒரே பேரினத்தில்தான் குவிந்திருந்தன. 1844இல் ஜெர்மானியரான காவ்ப், இதற்கெனவே ‘லோபோஸ்பிசா’ என்ற பேரினத்தை உருவாக்கினார். கிரேக்கத்தில் ‘லோபோஸ்’ என்றால் கொண்டை. அந்தப் பெயர் நிலைக்கவில்லை. குட்டைச் சிறகும் நீண்ட வாலும் கொண்ட மற்ற காட்டு வல்லூறுகளோடு இதுவும் ‘அக்சிபிட்டர்’ பேரினத்தில் சேர்க்கப்பட்டது. அதில் சுமார் 50 இனங்கள் இருந்தன.

இப்படிச் சேர்த்தது தவறு; அது நேர்ந்தது இந்த உடலமைப்பை நம்பியதில்தான். நெருங்கிய மரங்களுக்கிடையே இரையைத் துரத்தும் பறவைக்கு நீண்ட சிறகு இடைஞ்சல். சட்டென்று திரும்புவதற்கு வால் நீளமாக இருக்க வேண்டும். உறவு எதுவாக இருந்தாலும் காட்டு வேட்டைக்கு இதுவே ஏற்ற வடிவம். மரபணு ஆய்வுகள் அந்தத் தவறை வெளிச்சமாக்கின. புல்வெளிகளின் மீது தாழப் பறக்கும் பூனைப்பருந்துகள் பார்வைக்கு முற்றிலும் வேறானவை. ஆனாலும் அவை அக்சிபிட்டர் கூட்டத்தின் கிளைகளுக்கு நடுவிலேயே வந்து விழுந்தன. அவற்றை வெளியே நிறுத்திவிட்டு மற்றவற்றை ஒரே பேரினமாக வைத்துக்கொள்வதில் நியாயமில்லை.

2024இல் தெரேஸ் கேட்டனாக் குழுவினர் வெளியிட்ட ஆய்வு இந்தக் கூட்டத்தைப் பல பேரினங்களாகப் பிரித்தது. ஊர்ப்புறங்களில் அணில், ஓணான் பிடிக்கும் வைரி ‘டாக்கிஸ்பிசா’வுக்குப் போனது. கொண்டை வல்லூறு கிளையோ மற்றவற்றிலிருந்து வெகு தொலைவில் தனித்து நின்றது. அதனால் காவ்ப் வைத்த பெயர் 180 ஆண்டுகளுக்குப் பிறகு மீண்டது. இந்தோனேசியாவின் சுலாவேசித் தீவில் மட்டும் வாழும் வல்லூறு ஒன்றும் இதே பேரினத்தில் சேர்ந்தது. ‘லோபோஸ்பிசா’ பெண்பால் சொல் என்பதால், டெம்மிங்க் வைத்த ‘டிரைவிர்கேடஸ்’ இப்போது ‘டிரைவிர்கேடா’ என்று எழுதப்படுகிறது.