விழாவின் வாயிலில் நின்றவர்கள்



1948ஆம் ஆண்டிலே இலண்டன் மாநகரில் நிகழ்ந்த ஒலிம்பிக் விளையாட்டு விழா இலங்கை மக்களின் நெஞ்சிலே நிலைபெற்ற ஒன்றாகும். சுதந்திரம் கிடைத்த அதே ஆண்டில், முதன்முறையாக அவ்விழாவுக்குச் சென்ற இலங்கைக் குழுவைச் சேர்ந்த டங்கன் வைற், 400 மீற்றர் தடைதாண்டி ஓட்டத்திலே வெள்ளிப் பதக்கம் பெற்றுத் தாய்நாட்டுக்குப் புகழ் சேர்த்தார். அந்த வெற்றியைப் பற்றிப் பேசுவோர் பலர். ஆனால், அவ்விழாவுக்கு வந்த போட்டியாளர்கள் எங்கே தங்கினார்கள் என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. நெடும்போரினால் நலிந்து, உணவையும் உடையையும் பங்கீட்டு முறையிலே பெற்றுக்கொண்டிருந்த பிரித்தானியா, புதிய விடுதிகளைக் கட்டும் நிலையில் இருக்கவில்லை. அக்ஸ்பிரிட்ஜ், வெஸ்ற் டிரெயிற்றன் என்னும் இடங்களிலிருந்த விமானப்படை முகாம்களும், ரிச்மண்ட் பூங்காவிலிருந்த தரைப்படை முகாமுமே ஆண் போட்டியாளர் பலருக்கு இல்லங்களாயின. படையினர் துயின்ற கொட்டகைகளிலே ஓட்டக்காரரும் நீச்சல்காரரும் துயின்றனர். விளையாட்டு விழாவுக்குப் படை தோள்கொடுப்பது அன்றே தொடங்கிவிட்டது எனலாம்.

அறுபத்துநான்கு ஆண்டுகள் கழிந்தன. 2012ஆம் ஆண்டு யூலை மாதம் 27ஆந் திகதி மீண்டும் இலண்டனில் ஒலிம்பிக் விழா தொடங்கியது. இம்முறை படையினர் தந்தது வெறும் கொட்டகையன்று, தம்மையே தந்தனர். அவ்வாறு தரநேர்ந்த கதையும், விழாவின் பின் நிகழ்ந்தவையும் நாடாளுவோரும் நாட்டு மக்களும் சிந்தித்துப் பார்க்கவேண்டியவை.

விளையாட்டு விழாவுக்குக் காவல் எதற்கு என்று கேட்கலாம். அதற்கு விடையளித்தது 1972ஆம் ஆண்டு. மூனிச் நகரிலே நிகழ்ந்த ஒலிம்பிக் விழாவை மகிழ்ச்சி நிறைந்த விழாவாக்க எண்ணிய ஜேர்மானியர், பழைய காலத்து இராணுவத் தோற்றம் எதுவும் தெரியலாகாது எனக் கருதி, இளநீல உடையணிந்த ஆயுதமற்ற காவலரையே நிறுத்தினர். அந்த நல்லெண்ணத்தைக் கொடியோர் பயன்படுத்திக்கொண்டனர். செப்டெம்பர் 5ஆந் திகதி அதிகாலையிலே ஆயுதம் தாங்கியோர் வேலியேறிக் குதித்து உட்புகுந்தனர். இஸ்ரேலியக் குழுவினர் பதினொருவரும் ஜேர்மானியப் பொலிஸ்காரர் ஒருவரும் உயிரிழந்தனர். அன்று தொட்டு, காவலின்றி ஒலிம்பிக் இல்லை என்றாயிற்று. இலண்டன் மாநகருக்கோ அதைவிட நெருங்கிய அனுபவமும் உண்டு. 2005ஆம் ஆண்டு யூலை 6ஆந் திகதி, விழாவை நடத்தும் உரிமை இலண்டனுக்கே என்று சிங்கப்பூரிலே அறிவிக்கப்பட்டது. மறுநாட் காலையிலேயே சுரங்க இரயில்களிலும் பேருந்து ஒன்றிலும் குண்டுகள் வெடித்து ஐம்பத்திரண்டு பேர் மாண்டனர். மகிழ்ச்சிக்கும் துயருக்கும் இடையே ஓர் இரவே இருந்தது.

ஆகவே காவல் வேண்டும் என்பதில் ஐயமிருக்கவில்லை. அதை யார் செய்வது என்பதே வினா. விளையாட்டு மண்டபங்களின் வாயில்களிலே நின்று, வருவோரின் பைகளைச் சோதித்து, நுழைவுச்சீட்டைப் பார்த்து உள்ளே விடும் பணி ஜி.ஃபோர்.எஸ். என்னும் தனியார் காவல் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. முதலிலே 2,000 காவலர் போதும் என்று கணக்கிட்டனர். பின்னர் கணக்கு பிழையென்று கண்டு, 2011ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்திலே அத்தொகையை 10,400 ஆக உயர்த்தினர். ஒப்பந்தத்தின் பெறுமதியும் 284 மில்லியன் பவுணாக உயர்ந்தது. ஆட்களைச் சேர்ப்பதும், பயிற்றுவதும், பின்னணி விசாரித்து அனுமதி பெறுவதும், யார் எங்கே எப்போது நிற்பது என அட்டவணை வகுப்பதும் சில திங்களில் முடிந்துவிடும் என அந்நிறுவனம் நம்பியது.

முடியவில்லை. விழாவுக்கு இரண்டு கிழமைகள் மாத்திரமே இருந்தபோது, வேண்டிய ஆட்களைத் தரமுடியாது என்ற உண்மை அரசாங்கத்துக்குத் தெரிவிக்கப்பட்டது. யூலை 12ஆந் திகதி, உள்நாட்டு மந்திரி தெரேசா மே பாராளுமன்றத்திலே எழுந்து, மேலும் 3,500 படையினர் அழைக்கப்படுவர் என்று கூறவேண்டியதாயிற்று. முன்னரே 13,500 பேர் ஒழுங்கு செய்யப்பட்டிருந்தமையால் மொத்தம் 17,000 ஆயிற்று. விழாவுக்கு மூன்று நாள் இருக்கையில் இன்னும் 1,200 பேர் சேர்க்கப்பட, அது 18,200 ஆக உயர்ந்தது. அந்நாளிலே ஆப்கானிஸ்தான் போர்க்களத்தில் இருந்த பிரித்தானியப் படையினர் ஏறக்குறைய 9,500 பேர். போர் நடந்த நாட்டிலே நின்றவர்களைப் போல ஏறக்குறைய இருமடங்கினர் விளையாட்டு நடந்த நகரிலே நின்றனர்!

இவ்வாறு அழைக்கப்பட்டோருள் ஆப்கானிஸ்தானிலிருந்து அண்மையிலே திரும்பியவர்களும் இருந்தனர். மனைவி மக்களோடு கழிக்க எண்ணிய விடுமுறை பலருக்குக் கைநழுவிப் போயிற்று. முன்பணம் கட்டிய பயணங்கள் குலைந்தன. அந்த நட்டம் ஈடுசெய்யப்படும் என அரசாங்கம் வாக்களித்தது. பணத்தை ஈடுசெய்யலாம், தந்தைக்காகக் காத்திருந்த பிள்ளையின் யூலை மாதத்தை எவ்வாறு ஈடுசெய்வது? வப்பிங் என்னுமிடத்திலே, முற்காலத்தில் புகையிலை சேமித்த பண்டகசாலையாக இருந்து, பின்னர் கடைத்தொகுதியாக மாறி, அதுவும் நட்டமடைந்து மூடப்பட்ட பெருங்கட்டடம் ஒன்று உண்டு. வெறுமையாய்க் கிடந்த அந்தக் கட்டடத்திலே 2,500 படையினருக்கு மடிப்புக் கட்டில்கள் போடப்பட்டன. அங்கே படுத்தெழுந்து, விடியுமுன் சீருடை அணிந்து, தத்தம் வாயில்களுக்கு அவர்கள் சென்றனர்.

அந்த வாயில்களிலே நிகழ்ந்ததுதான் இக்கதையின் சிறந்த பகுதி. நீண்ட வரிசைகளும் சினந்த முகங்களும் இருக்கும் என்று பலர் எதிர்பார்த்தனர். ஆனால், பார்வையாளர் கண்டவர்கள் நேரந் தவறாத, வேலையறிந்த, இன்முகத்தோடு வணக்கம் சொல்லும் இளைஞர்களும் யுவதிகளுமே. துப்பாக்கி பிடித்த கை, குழந்தையின் பாற்போத்தலைப் பக்குவமாக எடுத்துப் பார்த்து மீளக் கொடுத்தது. முதியோரின் பையைத் திறந்து, வைத்தவாறே மீண்டும் மூடியது. மண்டபங்களுக்குள்ளே வெற்றி பெற்றோரின் நாட்டுக் கொடிகளை உயர்த்தியவர்களும் முப்படையினரே. முதல் நாட்களிலே சில மண்டபங்களில் ஆசனங்கள் வெறுமையாய்த் தோன்றியபோது, ஓய்விலிருந்த படையினர் சிலரையும் அயலிலுள்ள ஆசிரியரையும் மாணவரையும் அழைத்து அமர்த்தினர். வேலைக்கு ஆள் இல்லாதபோதும் படை. கைதட்டுவதற்கு ஆள் இல்லாதபோதும் படை!

இவ்விடத்திலே நடுவுநிலைமை தவறலாகாது. தனியார் நிறுவனத்தின் சார்பிலே வேலைக்கு வந்த பல ஆயிரம் பேரும் தம் கடமையைச் செய்தவர்களே. பயிற்சி முடித்துவிட்டு, எங்கே வரவேண்டும் என்ற அறிவித்தலுக்காக வீட்டிலே காத்திருந்து ஏமாந்த இளைஞரும் அவர்களுள் இருந்தனர். பிழை வேலையாட்களுடையதன்று, ஆயத்தம் செய்யாத நிருவாகத்தினுடையது.

படையின் பங்கிலும் எல்லாம் இனியனவாக இருக்கவில்லை. கிறீனிச் அருகே தேம்ஸ் நதியிலே போர்க்கப்பலொன்று நங்கூரமிட்டது. நோர்தோல்ற் விமானத் தளத்திலே போர்விமானங்கள் காத்துநின்றன. ஆறு இடங்களிலே ஏவுகணைகள் வைக்கப்பட்டன. அவற்றுள் இரண்டு இடங்கள் மக்கள் குடியிருந்த கட்டடங்களின் கூரைகள். லேற்றன்ஸ்ரோன் பகுதியிலுள்ள தொடர்மாடி ஒன்றிலே வாழ்ந்தோர், தம் தலைக்கு மேலே ஏவுகணையா என அஞ்சி நீதிமன்றத்தை நாடினர். யூலை 10ஆந் திகதி அவர்களுடைய மனு தள்ளுபடியாயிற்று. காவலுக்கும் அச்சத்துக்கும் இடையிலுள்ள எல்லைக்கோடு மிக மெல்லியது என்பதை அவர்களுடைய வழக்கு உலகுக்கு உணர்த்தியது.

இனி, விழாவுக்குப் பின் நிகழ்ந்தவற்றைப் பார்ப்போம்.

ஆகஸ்ட் 12ஆந் திகதி ஒலிம்பிக் விழாவும், செப்டெம்பர் 9ஆந் திகதி பரா ஒலிம்பிக் விழாவும் இனிது நிறைவுற்றன. ஏவுகணைகள் கூரைகளிலிருந்து இறக்கப்பட்டன. கப்பல் நதியைவிட்டு நீங்கியது. வாயில்களிலே நின்ற படையினர் தத்தம் முகாம்களுக்குத் திரும்பினர். ஒரு நாட்டின் படை மக்களிடையே வந்து செய்யும் பணிக்கு உரிய இலக்கணம் இதுவே: அழைத்தபோது வருதல், முடிந்தபோது அகலுதல்.

தனியார் நிறுவனத்துக்கு இவ்விவகாரத்தால் ஏற்பட்ட நட்டம் 88 மில்லியன் பவுண். அதன் தலைமை நிருவாகி பாராளுமன்றக் குழுவின் முன் தோன்றியபோது, இது தலைகுனிவான குழப்பம் என்ற கூற்றை அவரால் மறுக்க முடியவில்லை. படையினரின் நலநிதிகளுக்கு 2.5 மில்லியன் பவுண் அளிப்பதாகவும் அந்நிறுவனம் அறிவித்தது. பாதுகாப்பு மந்திரியாக இருந்த பிலிப் ஹமண்ட், எதையும் தனியாரே திறம்படச் செய்வர் என்ற தம் முன்னைய எண்ணத்தை இவ்விழா மீள ஆராய வைத்துவிட்டது என்று வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். இலாபம் கருதும் நிறுவனம், வேண்டிய அளவுக்கு மேல் ஓர் ஆளையும் வைத்திராது. படையோ, எது பிழைத்தாலும் பணி நிறைவேற வேண்டுமே என்று மிகுதியாகவே ஆயத்தம் செய்யும். அமைதியான நாளிலே அந்த மிகுதி வீண்செலவுபோலத் தோன்றும். நெருக்கடி வந்த நாளிலே அதுவே மானங் காக்கும்.

ஆயினும் இக்கதையிலே நெஞ்சை உறுத்தும் ஒரு செய்தி உண்டு. மேலும் 3,500 பேரை வாயிற் காவலுக்கு அழைத்தது யூலை 12ஆந் திகதி. அதற்குச் சரியாக ஒரு கிழமைக்கு முன்னர், யூலை 5ஆந் திகதி, அதே பாராளுமன்றத்திலே வேறோர் அறிவிப்பு வெளியாகியிருந்தது. தரைப்படையின் நிரந்தர வீரர் தொகையை 102,000 இலிருந்து 82,000 ஆகக் குறைப்பதென்றும், சில படைப்பிரிவுகளைக் கலைத்துவிடுவதென்றும் அந்த அறிவிப்புக் கூறிற்று. ஒரு கிழமையிலே உங்களில் பலர் தேவையில்லை என்றது அரசு. மறு கிழமையிலே உடனே வாருங்கள் என்றது. வீரர்கள் வந்தனர். தம் வேலை நிலைக்குமோ நிலைக்காதோ என்று அறியாமலே, பிறர் விட்ட வேலையைச் செய்து முடித்தனர். கரவொலி அடங்கிய பின்னரும் ஆட்குறைப்பு நின்றுவிடவில்லை.

படையைக் குறைப்பது தவறென்று கூறுவது இப்பேச்சின் நோக்கமன்று. படைக்குச் செலவாகும் பணம் பாடசாலைக்கும் வைத்தியசாலைக்கும் செல்லுமாயின் அதனை மகிழ்ந்து வரவேற்பவரே பலர். ஆனால், ஒருவருடைய உழைப்பைப் புகழ்வது வேறு, அவருக்குச் செய்யவேண்டிய கடமையைச் செய்வது வேறு. புகழ்ச்சி ஒரு மாதத்தில் முடிந்துவிடும். கடமை அவ்வாறு முடிவதில்லை. திருவள்ளுவர் படைமாட்சி, படைச்செருக்கு என்று இரண்டு அதிகாரங்கள் வகுத்து, களத்திலே நிற்கும் வீரரின் பெருமையை எடுத்துரைத்தார். விடுமுறையை இழந்து, விளையாட்டின் ஆரவாரம் சுவருக்கப்பால் கேட்க, முதுகைக் காட்டி நின்று பைகளைச் சோதித்த வீரரின் பெருமையும் அதற்கு மிகத் தாழ்ந்ததன்று.

இரண்டு பேரின் வரலாற்றோடு இதனை முடிப்பது பொருத்தமாகும். ஆகஸ்ட் 1ஆந் திகதி, அவ்விழாவிலே பிரித்தானியாவுக்கு முதலாவது தங்கப் பதக்கத்தைப் பெற்றுக் கொடுத்த படகோட்டும் மங்கையர் இருவருள் ஒருவர் ஹெதர் ஸ்ரானிங். அவர் பீரங்கிப்படையிலே கப்டன் பதவி வகித்தவர். பதக்கம் பெற்றபின் படைக்கே மீண்டு, 2013ஆம் ஆண்டு ஆப்கானிஸ்தானுக்குக் கடமையேற்றுச் சென்றார். மற்றவர் ஜொன் அலன் பற்றர்வேத். விமானப்படையிலே பணியாற்றி, 2007ஆம் ஆண்டு ஈராக்கின் பஸ்றா நகரிலே இடக்கையை இழந்தவர். 2012ஆம் ஆண்டுப் பரா ஒலிம்பிக்கிலே துவிச்சக்கர வண்டியோட்டத்தில் மூன்று வெள்ளிப் பதக்கங்கள் பெற்றார்.

அந்தப் பரா ஒலிம்பிக் தோன்றிய வரலாறும் 1948ஆம் ஆண்டுக்கே திரும்புகின்றது. டங்கன் வைற் ஓடிய விழா தொடங்கிய அதே யூலை 29ஆந் திகதி, இலண்டனுக்கு வெளியே ஸ்ரோக் மண்டெவில் வைத்தியசாலையின் முற்றத்திலே, போரில் காயமுற்றுச் சக்கர நாற்காலியில் அமர்ந்த பதினாறு படையினர் வில்லெடுத்து அம்பெய்தனர். அவர்களுக்குப் பொறுப்பாயிருந்த வைத்தியர் லுட்விக் குட்மன், ஜேர்மனியிலிருந்து தப்பிவந்த யூதர். போர் முடிந்துவிட்டது, இனி இவர்களால் என்ன பயன் என்று அவர் எண்ணவில்லை. பதினாறு பேரோடு தொடங்கிய அந்தப் போட்டியே இன்று உலகப் பெருவிழாவாக வளர்ந்து நிற்கின்றது.

பணி முடிந்த பின்னரும் பணிசெய்தவரை மறவாதிருத்தல் எத்தகையது என்பதை அந்த வைத்தியசாலை முற்றம் காட்டுகின்றது. வாயிலிலே நின்றவர்களுக்கு விழா நடத்தும் நாடுகள் செலுத்தவேண்டிய கடனும் அதுவேயாகும்.